எதிர் கம்பெனியின் வெள்ளைக் கார்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்டில் வைத்துத்தான் எனக்கு அந்த நோய் தொற்றியது. தொற்ற வைத்தவர் ஒரு டாக்டர். மூன்றாவது மாடியில் குடியிருக்கும் காது மூக்கு தொண்டை நிபுணர். நான் பல் டாக்டர். தில்லைநகரில் கிளினிக், ஸ்ரீரங்கத்தில் வீடு. மனிதனின் கழுத்துக்கு மேலே ஆளுக்கொரு பகுதியைப் பிரித்துக்கொண்டு பிழைப்பவர்கள் என்பதால் எங்களுக்குள் மரியாதையும் உண்டு, போட்டியும் உண்டு.

"உங்க எலக்ட்ரிக் கார் எப்படி ஓடுது டாக்டர்?" என்று கேட்டார்.

"நல்லா ஓடுதுங்க."

"நல்ல வண்டிதாங்க அது" என்று தலையாட்டினார். லிஃப்ட் கதவு திறந்தது. ஒரு காலை வெளியே வைத்துவிட்டு, "அந்தக் காலத்துக்கு" என்று முடித்தார்.

அந்தக் காலம் என்று அவர் சொன்னது இரண்டு வருஷத்துக்கு முந்தைய காலம். கருநீல நிறத்தில் நான் அந்தக் காரை வாங்கியபோது எங்கள் குடியிருப்பே கீழே இறங்கி வந்து பார்த்தது. கிட்டே போனால் கதவின் கைப்பிடி தானாக வெளியே வரும். அதைப் பார்ப்பதற்காகவே சிலர் கிட்டே போய் விலகி, மறுபடியும் கிட்டே போனார்கள். இப்போது காது மூக்கு தொண்டை நிபுணர் எதிர் கம்பெனியின் வெள்ளைக் காரை வாங்கி, சரியாக என் காருக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். அதில் கைப்பிடியே கிடையாது. கதவே தானாகத் திறக்கும்.

மறுநாள் காலையில் என் காரின் கைப்பிடி வெளியே வர எடுத்துக்கொண்ட நேரம் எனக்கு முதன்முறையாக நீளமாகத் தெரிந்தது. அரசு அலுவலகத்தில் ஃபைலைத் தேடி எழுந்திருப்பவர் மாதிரி எழுந்து வந்தது.

அதற்குப் பிறகு மூன்று வாரம் நான் செய்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கிளினிக்கில் ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் நடுவில் யூடியூபில் இரண்டு கார்களையும் ஒப்பிட்டுப் பேசும் வீடியோக்களைப் பார்த்தேன். பிறகு நடுவில் என்ற கணக்கும் போய்விட்டது. ரிட்டயர்டான ஒரு தலைமை ஆசிரியருக்குக் கடைவாயில் மரத்துப்போகும் ஊசியைப் போட்டுவிட்டு, அது வேலை செய்யட்டும் என்று உட்கார்ந்து ஒரு வீடியோவை முழுதாகப் பார்த்து முடித்தேன். நிமிர்ந்தபோது அவர் வாயைத் திறந்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரத்தது தெளியவே ஆரம்பித்திருந்தது.

என் கணவர் கல்லூரியில் கணக்குப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கார் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளும் உத்தேசமும் இல்லை. அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"நம்ம வீட்டுலேருந்து கிளினிக் எவ்வளவு தூரம்?" என்றார்.

"ஆறேழு கிலோமீட்டர் இருக்கும்."

"அதுக்கு நானூறு கிலோமீட்டர் ஓடற வண்டி வச்சிருக்க. பத்தலைன்னு ஐநூறு கிலோமீட்டர் ஓடறது வேணுங்கற."

"தூரத்துக்காக இல்லைங்க."

"அதான் தெரியுதே" என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

ஆனாலும் எதிர் கம்பெனியின் ஷோரூமுக்குக் கூட வந்தார். அங்கே ஏ.சி.யும் காபியும் நன்றாக இருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தார். திருச்சி வெயிலில் கோட்டும் டையும் போட்ட விற்பனை அதிகாரி ஒருவர் எங்களை வரவேற்றார். நாற்பது வயது இருக்கலாம். வண்டி ஓட்டுபவள் நான், வாங்குபவள் நான், கேள்வி கேட்டவளும் நான். பதில் மட்டும் கடைசிவரை என் கணவருக்கே போனது.

"மோட்டார் எவ்வளவு பவர்?" என்று நான் கேட்டால், அவர் என் கணவர் பக்கம் திரும்பி, "சார், பறக்கும் சார்" என்றார்.

"சீட்டெல்லாம் தோலா?" என்றேன்.

"மிருகத்தோலே கிடையாது சார். எல்லாமே செடி நார். இயற்கைக்கு விரோதமில்லாத சீட்டு."

"அப்ப ஆடு மேஞ்சிடாதா?" என்று என் கணவர் உண்மையான கவலையோடு கேட்டார். அதிகாரி அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

பிறகு காரின் பெருமைகளைக் காட்டினார். சீட்டு முதுகைப் பிடித்துவிடும். மனநிலைக்குத் தகுந்தபடி உள்ளே விளக்கின் நிறம் மாறும். ஒரு பொத்தானை அழுத்தினால் பெட்ரோல் கார் உறுமுகிற சத்தம் ஸ்பீக்கரில் வரும். இன்ஜின் சத்தம் வேண்டாம் என்றுதானே எலக்ட்ரிக் கார் வாங்குகிறோம், அதை ஏன் மறுபடி உள்ளே வைக்கிறீர்கள் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. ஏனென்றால் என் காரில் அந்தப் பொத்தான் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை துறையூருக்கு அப்பால் உள்ள எங்கள் ஊரில் அண்ணனின் பேரனுக்குக் காதுகுத்து. ஷோரூமில் நின்ற வெள்ளைக் காரையே ஓட்டிப் பார்க்க எடுத்துக்கொண்டு போனால் என்ன என்று கேட்டேன். தாராளமாகப் போகலாம், நானும் கூட வருவேன், அது கம்பெனி விதி என்றார் அதிகாரி. சொந்தக்காரர்கள் முன்னால் கதவு தானாகத் திறப்பது என் மனக்கண்ணில் வந்துபோனது.

ஞாயிறு காலை ஷோரூமுக்குப் போய்க் காரில் ஏறியதும் திரையைப் பார்த்தேன். பேட்டரி கால்வாசிதான் இருந்தது.

"நேத்து நிறைய பேர் ஓட்டிப் பாத்தாங்க சார், ஏத்த டைம் இல்ல" என்று பின்சீட்டிலிருந்த என் கணவரிடம் விளக்கினார் அதிகாரி. "ஆனா துறையூர் போய்ட்டு வர இது தாராளம். வழியிலேயே சார்ஜரும் இருக்கு."

சத்திரம் பேருந்து நிலையம் வரைக்கும் எல்லாம் ராஜமரியாதையாகப் போனது. அங்கேதான் காருக்குப் பயம் பிடித்தது. அதன் நாலு பக்கமும் கேமரா. யாராவது குறுக்கே வந்தால் தானே பிரேக் போட்டுவிடும். குறுக்கே வராதவர் என்று சத்திரத்தில் யாரும் கிடையாது. பூக்கூடைக்கு ஒருமுறை நின்றது. ஷேர் ஆட்டோவுக்கு ஒருமுறை நின்றது. வாழை இலைக்கட்டைத் தலையில் வைத்திருந்த ஓர் அம்மாவைப் பார்த்து நின்றது நின்றதுதான். அந்த அம்மா நடைபாதையில் இருந்தார். பின்னால் வந்த டவுன் பஸ் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டது. அதன் கண்டக்டர் படியில் தொங்கியபடி என் கண்ணாடிப் பக்கம் குனிந்து, "என்னக்கா, வண்டி சாமி கும்பிடுதா?" என்றார்.

"பாதுகாப்பு அம்சம் சார்" என்றார் அதிகாரி, என் கணவரிடம்.

காவிரிப் பாலம், கொள்ளிடப் பாலம் இரண்டையும் கடந்து, நம்பர் ஒன் டோல்கேட்டில் திரும்பி, மண்ணச்சநல்லூரைத் தாண்டியதும் சாலை காலியாக இருந்தது. ஓட்டிப் பார்க்கத்தானே வந்திருக்கிறோம் என்று மிதித்தேன். பறந்தது, அதைப் பொய் சொல்லக்கூடாது. உறுமல் பொத்தானையும் அழுத்தினேன். முதுகை வேறு பிடித்துவிட்டது. இருபது நிமிஷம் நான் சந்தோஷமாக இருந்தேன். பிறகு திரையில் ஒரு சிவப்புக் கோடு வந்தது. சீட்டு பிடித்துவிடுவதை நிறுத்தியது. கார் முதலில் என் முதுகைத்தான் கைவிட்டது. அடுத்து ஏ.சி. தணிந்தது. அதிகாரி டையைத் தளர்த்திக்கொண்டார்.

திரை காட்டிய சார்ஜர் துறையூருக்குச் சற்று முன்னால் ஒரு ஹோட்டல் வளாகத்தில் இருந்தது. அதற்கு உரச்சாக்கைத் தலையோடு போர்த்திக் கயிற்றால் கட்டியிருந்தார்கள்.

"அது திறப்பு விழாவோட சரிங்க" என்றார் அங்கிருந்த வாட்ச்மேன். "ரிப்பன் வெட்டுனாங்க, போட்டோ எடுத்தாங்க, போய்ட்டாங்க. கரண்டு இன்னும் வரலைங்க."

உருட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தோம். கதவு தானாகத் திறந்தது. யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் பந்தலுக்குள் இருந்தார்கள்.

அதிகாரி கார் டிக்கியிலிருந்து நீளமான ஒயரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். கூடத்தில் கிடைத்த பெரிய பிளக்கில் செருகினார். ஏற்கனவே சீரியல் பல்பும் பாட்டு செட்டும் கிரைண்டரும் நாலைந்து ஃபேனும் ஓடிக்கொண்டிருந்தன. தாய்மாமன் மடியில் குழந்தையை வைத்து, ஆசாரி ஊசியை எடுத்த நிமிஷத்தில் மொத்தமும் நின்றது. பாட்டு பாதி வரியில் அறுந்தது. அந்த அமைதியில் குழந்தை ஆசாரியைப் பார்த்தது, ஊசியைப் பார்த்தது, வீறிட்டது.

"யாருய்யா கரண்டப் புடுங்குனது?" என்று ஒரு குரல்.

"பாப்பா காருங்க" என்று இன்னொரு குரல்.

ஐம்பத்து மூன்று வயதுப் பல் டாக்டரான நான் எங்கள் ஊரில் இன்னும் பாப்பாதான். பந்தல் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. வெள்ளைக் காரில் வந்ததை இப்போதுதான் எல்லோரும் கவனித்தார்கள்.

ஃப்யூஸ் போட்டு விழா தொடர்ந்தது. நான் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டேன். என்னைவிட எட்டு வயது மூத்தவர், நெல்லும் வெங்காயமும் போடுகிறவர்.

"அண்ணே, மோட்டார் கொட்டகையில கரண்டு இருக்குல்ல? அங்க கொண்டுபோய் போட்டுக்கட்டுமா?"

அண்ணன் தலையைச் சொறிந்தார். "த்ரீ பேஸ் இருக்கு பாப்பா. ஆனா அது பயிருக்குக் கொடுத்த கரண்டு. காருக்குப் போட்டா ஈ.பி.காரங்க கனெக்‌ஷன எடுத்துருவாங்க. அது தப்பும்கூட."

"ரெண்டு மணி நேரந்தான்ணே."

"இல்ல... இலவச கரண்டு கொடுத்து விவசாயிங்களக் கெடுத்துட்டாங்கன்னு நீதான் அன்னிக்கிச் சொன்ன. அதான் யோசிக்கிறேன்."

சொல்லியிருந்தேன். போன வருஷம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், அவருக்கு ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னேன். நிலத்தடி நீர், மானியம், நாட்டின் எதிர்காலம் என்று அன்று நிறையப் பேசினேன். அவர் சாப்பிட்டுவிட்டுப் போனார். இப்போதும் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே யோசித்துக்கொண்டுதான் நின்றார். அதுதான் தாங்க முடியவில்லை.

"ஒண்ணு செய்யலாம். வாசப்பக்கம் தனியா ஒரு பிளக் இருக்கு. என் வண்டியக் கழட்டிட்டு உன்னுதப் போட்டுக்க."

"உன் வண்டியா?"

வேப்பமரத்தடியில் ஓர் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் சார்ஜில் நின்றது. மூன்று வருஷமாக வைத்திருக்கிறாராம். வயலுக்கும் மார்க்கெட்டுக்கும் அதில்தான் போய்வருகிறாராம். "ஏன் சொல்லவே இல்ல?" என்று கேட்டேன். "இதுல சொல்ல என்ன இருக்கு?" என்றார்.

ஸ்கூட்டரைக் கழற்றிவிட்டுக் காரைச் செருகினோம். வீடு திரும்பும் அளவுக்கு ஏற எவ்வளவு நேரமாகும் என்று திரையைப் பார்த்தால், அது காட்டிய நேரத்தில் இன்னொரு காதுகுத்தே நடத்திவிடலாம். வேறு வழி இருக்கிறதா என்று கேட்க, வேறு வழியில்லாமல் காது மூக்கு தொண்டை நிபுணருக்கு போன் போட்டேன். அவரிடம்தானே அந்தக் கார் இருக்கிறது.

"துறையூருக்கா? அந்த வண்டியிலயா?" என்று அதிர்ந்தார். "ஏன் டாக்டர் ரிஸ்க் எடுத்தீங்க? நாங்க கும்பகோணம் போறதா இருந்தாலே ஒய்ஃபோட பழைய பெட்ரோல் வண்டிதான்."

"அப்ப இதை எதுக்கு வச்சிருக்கீங்க?"

தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஹாஸ்பிட்டல் போகத்தான்" என்றார். அவருடைய ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்.

மறுநாள் காலை எனக்கு இரண்டு அறுவைச் சிகிச்சைகள் இருந்தன. சாப்பிட்டு முடித்ததும் நானும் என் கணவரும் பஸ் ஏறினோம். கோட்டைக் கழற்றிவிட்டு மூன்றாவது பந்தியில் உட்கார்ந்திருந்த அதிகாரி, காருக்குக் காவலாக அங்கேயே தங்கினார். பட்டுப்புடவையோடு மண்ணச்சநல்லூர் வரை நின்றுகொண்டே வந்தேன். அங்கே ஒருவர் இறங்க, இடம் கிடைத்தது. சத்திரத்தில் இறங்கினோம். இறங்கியதும் என் கணவர், "இது எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" என்று பஸ்ஸைக் காட்டிக் கேட்டார்.

மறுநாள் அதிகாரி போன் செய்தார். பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டாராம். "உங்க ஊர்ல நல்லா கவனிச்சுக்கிட்டாங்க மேடம்" என்றார். அன்றுதான் முதன்முறையாக என்னிடம் நேராகப் பேசினார். அடுத்த மூச்சில், "புக்கிங் போட்டுடலாங்களா? வெள்ளையா, கறுப்பா?" என்றார்.

போடவில்லை. ஆனால் ஏன் போடவில்லை என்று கேட்டவர்களிடம் உண்மையைச் சொல்லவும் இல்லை. ஓடுகிற காரை மாற்றுவது வீண் நுகர்வு, பூமிக்குச் செய்கிற துரோகம் என்று சொன்னேன். லிஃப்டில் முதலில் சொன்னேன். நன்றாக எடுபட்டது. கிளினிக்கில் சொன்னேன். அது எப்படியோ ஊரில் பரவி, திருவெறும்பூர் பக்கம் ஒரு நகர்நலச் சங்கத்திலிருந்து வந்து, எளிமையான வாழ்க்கை பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தார்கள். போய்ப் பேசினேன். பொன்னாடை போர்த்தினார்கள். முன்வரிசையில் என் கணவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் எழுந்து கேட்டார். "எல்லாம் சரிங்கம்மா. நீங்க சொந்த ஊருக்குப் போனா எதுல திரும்பி வருவீங்க?"

"கடைசியா போனப்ப பஸ்லதாங்க வந்தேன். பாதி தூரத்துக்கு மேல நின்னுக்கிட்டே" என்றேன். அன்று மாலை நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். மண்டபமே கைதட்டியது. தலைவர் எழுந்து நின்று தட்டினார். தட்டி முடியும்வரை நான் தலையைக் குனிந்து, பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு நின்றேன்.