ஒரு சாவி, இரண்டு ஷிஃப்ட்

நாடு இதே வேகத்தில் வளர வேண்டுமென்றால் தொழிலாளர் சட்டங்களைத் தளர்த்தியாக வேண்டும் என்று டி.வி.யில் யாராவது பேச ஆரம்பித்தால் எனக்கு சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்தான் ஞாபகம் வரும். கூடவே ஒரு பித்தளைச் சாவியும். பேசுகிறவர்களுக்கு இரண்டும் தெரிய நியாயமில்லை. அவர்கள் யாரும் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றவர்கள் மாதிரி தெரியவில்லை.

நான் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவள். என் வீட்டுக்காரர் இந்தப் பக்கத்துப் பிள்ளைப்பாக்கத்துக்காரர். விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டோம். இரண்டு வீட்டிலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், நாங்களும் ரோஷமாக சுங்குவார்சத்திரத்தில் ஒரு ரூம் எடுத்தோம். எனக்கு அங்கேயே பக்கத்தில் செல்போன் கம்பெனியில் வேலை. அவருக்கு ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி. சர்க்கார் சலுகை கொடுத்து அழைத்துவந்த கம்பெனிகள் இரண்டும். அழைத்தவர்கள் எல்லாவற்றையும் யோசித்திருப்பார்கள். புருஷன் ஒரு கம்பெனியிலும் பெண்டாட்டி இன்னொன்றிலும் இருந்தால் ஷிஃப்ட் எப்படிச் சுழலும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

எனக்குக் காலை ஷிஃப்ட் வரும் வாரம் அவருக்கு இரவு. எனக்கு இரவு வந்தால் அவருக்குக் காலை. எனக்கு வார லீவு ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு கிழமையில் விழும், அவருக்கு ஞாயிறு. அந்த ஞாயிறிலும் ஓ.டி. என்று கூப்பிட்டுவிடுவார்கள். ஆக, நாங்கள் குடும்பம் நடத்தியது பஸ் ஸ்டாப்பில்தான். அவர் பஸ் வந்து அவரை இறக்கிவிட்ட கொஞ்ச நேரத்தில் என் பஸ் வரும். நடுவில் ஒரு டீ குடிக்கலாம். அதற்குள் சாவி கை மாற வேண்டும், குழம்பு எந்தப் பாத்திரத்தில் என்று சொல்ல வேண்டும், சண்டை இருந்தால் அதையும் முடித்துவிட வேண்டும். அப்படி ஒரு வேகத்தில் நான் பிறகு எப்போதும் பேசியதில்லை.

"இன்னொரு சாவி போட்டா இன்னா? காத்தால காத்தால இன்னாத்துக்கு இந்தக் கூத்து?" என்று கம்பெனியில் எங்கள் அசெம்ப்ளி லைனில் வேலை பார்த்த வாலாஜாபாத் அக்கா கேட்பார். சிரித்து மழுப்புவேன். இன்னொரு சாவி இருந்தால் ஒரு நாள் அசதியில் அவர் பின்பக்கச் சந்து வழியாக நேரே ரூமுக்குப் போய்விடுவார். நானும் தூக்கக் கலக்கத்தில் நேரே பஸ்ஸில் ஏறிவிடுவேன். அந்த பயத்தில்தான் கடைசிவரை ஒரே சாவியோடு இருந்தோம். இருவரும் பேசி வைத்துக்கொண்டதில்லை, ஆனால் இருவருக்கும் தெரியும்.

ஒரு நாள் பேச்சு மும்முரத்தில் சாவியோடு நான் பஸ் ஏறிவிட்டேன். லைனில் உட்கார்ந்து தொப்பி மாட்டும்போதுதான் உறைத்தது. செல்போன் செய்கிற கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது, லாக்கரில் கிடக்கிறது. ஷிஃப்ட் முடியும்வரை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கினால், டீக்கடை பெஞ்சில் யூனிஃபார்மோடு தூங்கிக்கொண்டிருந்தார். கன்னத்தில் பெஞ்சுப் பலகையின் கோடு.

"சாவின்னு ஒரு வார்த்த கேக்கப்பிடாதா? ராத்திரி பூரா நின்ன மனுசன் இப்படியா கெடப்பீய?" என்று கேட்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நீ உங்கம்மா போன் பண்ண கதைய சொல்லிகினு இருந்த. நடுவுல எப்படிக் கேக்கறது?" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் புதுச் சட்டம் பற்றிய பேச்சு கிளம்பியது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம்கூட வேலை வாங்கலாம். நான்கு நாள் வேலை, மூன்று நாள் லீவு என்று வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டுக் கம்பெனிகள் வருவதற்கு இது வேண்டும், இல்லையென்றால் வேறு தேசத்துக்குப் போய்விடுவார்கள் என்றார்கள். வளர்ச்சி பற்றி எனக்கென்ன வந்தது. மூன்று நாள் லீவு என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. எனக்கு மூன்று, அவருக்கு மூன்று, அதில் ஒரு நாளாவது ஒன்றாக விழாமலா போகும்?

மறுநாள் ஸ்டாப்பில் அவரிடம் சொன்னேன்.

"மூணு நாளு வூட்ல இருந்தா நீ இன்னா பண்ணுவ?"

"உங்களப் பாத்துக்கிட்டே இருப்பேன்."

மனிதர் டீ கிளாஸால் முகத்தை மறைத்துக்கொண்டார். அன்றைக்கு பஸ்ஸில் போகும்போது எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

லைனில் வாலாஜாபாத் அக்காவிடம் இதைச் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டு வந்தா காலு காலாவா இருக்கும்? மூணு நாளு லீவுன்றான். அந்த மூணு நாள்ல ஓ.டி.ன்னு சூப்பர்வைசர் கூப்ட்டா, வர மாட்டேன்னு சொல்ற தகிரியம் இருக்குதா உனக்கு?" என்றார். இல்லை. எனக்கு இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் அவருக்கும்தான் இருந்ததில்லை. ஆனாலும் உள்ளுக்குள் அந்த ஒரு நாளை விட மனசு வரவில்லை.

எதிர்ப்பு பலமாக எழுந்து, சட்டத்தைக் கொண்டுவந்த வேகத்திலேயே நிறுத்தி வைத்தார்கள். அக்கா லைன் முழுக்கக் கடலை மிட்டாய் கொடுத்தார். எல்லோரோடும் சிரித்துக்கொண்டே வாங்கித் தின்றேன். பிறகு பாத்ரூமுக்குப் போய் அழுதேன். அக்கா சொன்னது அத்தனையும் நியாயம். அதற்காக என் அழுகை பொய்யாகிவிடாது. டி.வி.க்காரர்கள் இரண்டில் ஒன்றைத்தான் எப்போதும் பேசுகிறார்கள், அதுதான் எனக்கு எரிச்சல்.

இப்போது நிலைமை மாறிவிட்டது. அவர் அதே கம்பெனியில் சாமான் இருப்பு வைக்கும் ஸ்டோர்ஸுக்கு மாறினார், நான் புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். இருவருக்கும் ஜெனரல் ஷிஃப்ட், பகல் வேலை மட்டும். ஆளுக்கொரு சாவி. எதற்காக ஏங்கினோமோ அது தினமும் கிடைக்கிறது. ஆனால் சாயங்காலம் எதிரெதிரே உட்கார்ந்தால் பேச்சு வரவில்லை. இவ்வளவு நேரத்தை வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது என்று எங்களுக்குப் பழக்கமில்லை. "சாப்டீயளா" என்று கேட்டால் "ஆச்சு" என்பார். அப்புறம் டி.வி. ஓடும். அந்த ஒரு டீ நேரத்துக்காக நான் ஏங்க ஆரம்பித்தேன். அவரும் ஏங்குகிறாரா என்று கேட்கக் கூச்சமாக இருந்தது.

போன வாரம் ஒரு சாயங்காலம், டி.வி.யில் மறுபடியும் அதே வளர்ச்சி, அதே வேலை நேரம், அதே சீர்திருத்தம். அவர் டி.வி.யை அணைத்தார்.

"வர்றியா? ஸ்டாப் வரிக்கும் போய் ஒரு டீ குடிச்சிட்டு வரலாம்."

போனோம். அதே டீக்கடை, பெஞ்சுதான் புதுசு. கிளாஸ் கைக்கு வந்ததுமே எங்கிருந்துதான் வந்ததோ, பேச்சு கொட்டியது. பயிற்சிக்கு வந்த பெண்கள், அம்மாவின் முழங்கால் வலி, அவருடைய ஸ்டோர்ஸில் பூனை குட்டி போட்டது. தூரத்தில் ஷிஃப்ட் பஸ் ஒன்று வருவது தெரிந்தது. பழக்கதோஷம், நான் மூச்சுவிடாமல் மிச்சத்தையும் கொட்டி முடிக்கப் பார்த்தேன். பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. என் கை தானாகப் பையில் சாவியைத் தேடிக்கொண்டிருந்தது.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவாவே சொல்லு," என்றார். "அது நம்ம பஸ் இல்ல."