எட்டு விளக்கும் எரிந்த பிறகு

போன வருடம் ஆடி மாதக் கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்தது இது. ஆவணி முதல் முகூர்த்தத்தில் திறக்க இருந்த ஓர் எக்ஸ்ரே நிலையத்தில் நெட்வொர்க் வயர் இழுக்கும் வேலை எனக்குக் கிடைத்திருந்தது.

நான் ராஜபாளையத்துக்காரன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. நூல் மில்லில் இரட்டை நூல் முறுக்கும் பிரிவில் பல வருடம் இருந்தேன். ஆட்களைக் குறைத்தபோது வெளியே வந்து, மற்றவர்கள் செய்வதைப் பார்த்தே இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். யாரிடமும் சந்தேகம் கேட்கமாட்டேன். கூச்சம்.

நெட்வொர்க் வயருக்குள் எட்டுக் கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கி இருக்கும். முனையில் பிளக் மாட்டும்போது எல்லோரும் பச்சை ஜோடியைப் பிரித்து, நீல ஜோடிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக வைப்பார்கள். எனக்கு அது அரைகுறை வேலையாகப் பட்டது. முறுக்கிய இழையைப் பிரிக்கக் கூடாது என்பது மில்லில் என் கையில் ஊறிய பழக்கம். அதனால் நான் ஜோடி ஜோடியாகவே வரிசை வைத்தேன், இரண்டு முனையிலும் ஒரே மாதிரி. வயரைச் சோதிக்கும் டெஸ்டரில், கம்பிக்கு ஒன்றாக எட்டு விளக்கும் எரியும். ராஜபாளையத்தில் சின்னக் கடைகளில் போட்டவையெல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

இங்கே பின்பக்கத்து எக்ஸ்ரே அறையிலிருந்து முன்பக்கம் டாக்டர் அறை வரை நீளமான வயர். கம்ப்யூட்டரில் செருகினால், செருகும் இடத்திலுள்ள குட்டி விளக்கு எரியும், அணையும், மறுபடி எரியும். படம் வந்து சேரவில்லை.

“என்னப்பா, கண்ணடிச்சு வெளையாடுதா?” என்று உரிமையாளர் முதல் நாள் சிரித்தார். மறுநாள் சிரிக்கவில்லை. திறப்புக்கு மூன்று நாள்தான் இருந்தது. நான் டெஸ்டரைக் காட்டி, வயர் நன்றாக இருக்கிறது, மெஷின்தான் சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் மெஷின் கம்பெனிக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டார். அங்கிருந்து வந்து மெஷினை மாட்டிவிட்டுப் போன பெண்ணை வேலையை விட்டே எடுக்கச் சொன்னார்.

அடுத்த நாள் காலை அந்தப் பெண் மதுரை பஸ்ஸில் வந்து இறங்கினாள். என் மகள் வயதிருக்கும். வாசலிலேயே திட்டு விழுந்தது. அவள் நேராக உள்ளே போய் மெஷினைத் தன் லேப்டாப்போடு ஒரு சின்ன வயரால் இணைத்தாள். விளக்கு அணையாமல் நின்று எரிந்தது. பிறகு என் பிளக்கைக் கையில் எடுத்துச் செத்த நேரம் பார்த்தாள். என்னைப் பின்பக்கம் கூப்பிட்டாள்.

“அண்ணே, டெஸ்டர் கம்பி அறுந்திருக்கான்னு மட்டுந்தான் பாக்கும். மெஷினும் கம்ப்யூட்டரும் அப்படி இல்ல. ‘இருக்கியா, இருக்கியா’ன்னு ஒண்ணையொண்ணு கூப்பிட்டுக்கிட்டே இருக்கும். பதில் தெளிவாக் கேட்டாத்தான் விளக்கு நின்னு எரியும்.”

பிளக்கின் மூன்றாவது ஊசியும் ஆறாவது ஊசியும் மெஷினுக்கு ஒரு ஜோடி, அதற்காகத்தான் பச்சையைப் பிரித்து வைப்பது என்றாள். என் வரிசையில் ஒரே குரல் இரண்டு வேறு முறுக்குகளில் போகிறது. கொஞ்ச தூரத்துக்குச் சமாளிக்கும், நீளம் கூடினால் பக்கத்துக் கம்பியின் சத்தம் கலந்துவிடும். அவள் நிறம் சொல்லச் சொல்ல, நானே இரண்டு பிளக்கையும் மாற்றினேன். விளக்கு அணையாமல் எரிந்தது. படம் வந்தது.

என்ன கோளாறு என்று உரிமையாளர் கேட்டார். பிளக் லூசாக இருந்தது என்று சொல்லிவிட்டு அவள் பையை மூடினாள். “அன்னைக்கே ஒழுங்கா மாட்டியிருந்தா இம்புட்டு பாடு எதுக்கும்மா?” என்றார் அவர். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

நான் முன்னால் வந்தேன். “சார், அந்தப் புள்ள மேல தப்பே இல்ல. பிளக்கு மாட்டுனது நான். விவரம் தெரியாம மெஷின் மேல பழி போட்டதும் நாந்தான்” என்றேன்.

அவர் அங்கேயே கம்பெனிக்குப் போன் போட்டு, தவறு எங்கள் பக்கம், அந்தப் பெண்ணை ஒன்றும் சொல்லவேண்டாம் என்றார். பிறகு என்னிடம் திரும்பி, “மாடியிலயும் இப்படித்தான் போட்டு வச்சிருக்கியா?” என்றார். தலையாட்டினேன். “அப்ப அம்புட்டையும் மாத்திட்டு, பொறவு வீட்டுக்குப் போ.”

அந்த மாதமே ராஜபாளையத்தில் நான் வேலை செய்த கடைகளுக்கெல்லாம் போய், நடந்ததைச் சொல்லிப் பிளக்குகளை மாற்றிக் கொடுத்தேன். ஓடுகிறதை ஏன் நோண்டுகிறாய் என்று ஒருவர் கேலி செய்தார். இன்னொருவர் தன் புதுக் கடை வேலையையும் என்னிடமே கொடுத்தார்.

என்னால் திட்டு வாங்கிய பிறகும் ஒரு பெண் எனக்குக் காரணத்தைப் பொறுமையாகச் சொன்னாளே, தெரியாததைத் தெரியாது என்று கேட்க இந்த வயதில் எனக்கு வந்திருக்கும் தைரியம் அவள் கொடுத்ததுதான்.