பாவு பிடிக்க ஓர் ஆள்

தறியில் தனியாக இருந்து நெய்யலாம். பாவு சுற்றத்தான் இன்னோர் ஆள் வேண்டும். எட்டுச் சேலைக்கான நெடுக்கு நூல் முழுவதையும் தறியின் உருளையில் ஏற்றும்போது ஒருத்தி உருளையைத் திருப்ப, மற்றவள் நூலை இழுத்துப் பிடித்தபடி நிற்பாள். பிடி தளர்ந்தால் எட்டுச் சேலையும் நாசம்.

எனக்குப் பிடிக்க வந்தவள் கனகராயன்குளத்து நெசவு நிலையத்தில் என்னோடு வேலை செய்தவள். நிலையம் மூடிய பிறகு அவள் ஆடைத் தொழிற்சாலைக்குப் போனாள். கலியாணம் கட்டிப் பரந்தனில் இருக்கிறாள். நான் ஒரு தறியை வாங்கி விறாந்தையில் போட்டேன். வீட்டில் நானும் தறியும்தான். ஏற்றிய பாவை நெய்து முடித்ததும் அவளுக்கு ஃபோன் எடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வருவாள். நூலைப் பிடித்தபடியே மாமியாரை வறுத்தெடுப்பாள். நான் சிரித்துச் சிரித்து உருளையைத் திருப்ப மறந்துவிடுவேன்.

"அக்கா, கை விறைக்குது, சுத்துங்கோ!"

சேலைகளை வாங்கும் கொழும்புக் கடைக்கார அம்மா ஒவ்வொரு முறையும் சொல்வார்: "அவசரப்படாதேங்கோ, ஆறுதலாய் நெய்யுங்கோ. எங்கடை கடைக்கு வாற ஆக்கள் ஒரு சேலையைப் பத்து வருசம் உடுப்பினம். மெல்ல நெய்ததுதான் அவைக்கு வேணும்." அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போவார். நான் பேய் பிடித்தவள் போல நெய்தேன். பாவு முடிந்தால்தானே அவளைக் கூப்பிடலாம்.

போன மாதம் அவள் ஓர் இரும்புச் சட்டத்தோடு பஸ்ஸால் இறங்கினாள். பரந்தனில் வெல்டிங் கடையில் சொல்லிச் செய்வித்ததாம். அதன் கம்பிகளுக்கிடையில் நூலை வளைத்துவிட்டால் அதுவே இறுக்கிப் பிடிக்கும்.

"இனி என்னைப் பாத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை அக்கா. நினைச்ச நேரம் நீங்களே சுத்தலாம்."

"கெட்டிக்காரியடி நீ," என்றேன். தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குள் போய்விட்டேன்.

இந்த மாதம் முதல் தடவையாகத் தனியே சுற்றினேன். குறை சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. ஓர் இழைகூடத் தளரவில்லை. அவளுக்கு ஃபோன் எடுத்தேன்.

"எப்பிடியக்கா, சரிவந்ததோ?"

"ஓம் பிள்ளை, நல்லா இருக்கு."

"நான் சொன்னனான்தானே! வேறை என்னக்கா?"

சும்மா ஒருக்கால் வந்துவிட்டுப் போ என்று சொல்லியிருக்கலாம். வேலை எதுவும் இல்லாமல் ஓர் ஆளை வீட்டுக்கு வா என்று நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அதை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

"வேறை ஒண்டுமில்லை," என்றேன்.

"அப்ப வைக்கிறன் அக்கா," என்றாள்.