சுமாராகப் படிக்கும் பெண்

நான் ஐந்தாவது வரை படித்தவன். சாயப் பட்டறையில் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுவது என் வேலை. நாலு பேர் முன்னால் பேச வேண்டுமென்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

என் மகள் அப்படி இல்லை. சென்னையில் விடுதியில் தங்கி இயற்பியல் படித்தாள். மூன்று வருடமும் கல்லூரியில் அவள்தான் முதல். மேலே படிக்க டெல்லியில் இடம் கிடைத்தது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு இரண்டு வருடப் படிப்புச் செலவு முழுவதையும் ஓர் அறக்கட்டளை கொடுக்கிறது. அது கிடைத்தால் டெல்லி. கிடைக்காவிட்டால் இங்கேயே ஒரு புடவைக் கடையில் பில் போடும் வேலை. கடைக்காரர் ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தார்.

அறக்கட்டளையிலிருந்து எங்கள் வீட்டைப் பார்க்க ஓர் அம்மாவும் ஓர் இளைஞரும் காரில் வந்தார்கள். வீட்டில் பெற்றவர்களிடம் கேட்டு எழுதுவதை வைத்துத்தான் முடிவு செய்வார்களாம். தெருவே வாசலில் கூடிவிட்டது. எதிர்வீட்டு அம்மா உள்ளேயே வந்து என் மனைவியிடம், "இன்னாம்மா, காரெல்லாம் வந்துகினு இருக்குது. பொண்ணு பாக்க வந்துகிறாங்களா?" என்றார்.

காரில் வந்த அம்மா என்னிடம், "பொண்ணு எப்படிப் படிக்கிறாங்க சார்?" என்று கேட்டார்.

பெற்றவன் தன் பிள்ளையைத் தானே மெச்சுவது எங்களிடம் வழக்கமில்லை. அதுவும் அத்தனை கண்கள் பார்க்கும்போது.

"ஏதோ சுமாரா படிக்குதுங்க" என்றேன்.

"டெல்லிக்கு அனுப்புவீங்களா?"

"பாக்கலாங்க."

இளைஞர் கையிலிருந்த டேப்லெட்டில் எதையோ தட்டினார். இந்தப் பக்கம் இரண்டு பேரைத்தான் பார்க்கிறோம், ஒருவருக்குத்தான் கிடைக்கும், அடுத்து வாலாஜாபாத் ரயில்வே ஸ்டேஷன் அருகே ஒரு பையன் வீடு என்று அந்த அம்மா சொன்னார். கிளம்பிவிட்டார்கள்.

மகள் அந்த இளைஞரின் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள்.

"இன்னா எழுதினாரு தெரியுமாப்பா? சராசரி மாணவி, வெளியூர் அனுப்பத் தயக்கம். நீ சொன்னதுதான்."

அவள் அழவில்லை. வந்தவர்கள் குடித்த டம்ளர்களைக் கழுவப் போனாள். ஒரே டம்ளரை நெடுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊர் கண்ணு படும்னு பயந்தியே, இப்ப உன் வாயே பட்டுடுச்சு" என்றாள் என் மனைவி.

சாயக் கறை படிந்த லுங்கியோடு வாலாஜாபாத் பஸ் ஏறினேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்தவர், "இன்னா தலைவரே, கைல போனே இல்ல, யாரான்ட பேசினு வர்ற?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ் நின்றபோது எழுந்து எழுந்து உட்கார்ந்தேன்.

ஸ்டேஷன் அருகே சந்தில் அந்தக் கார் நின்றது. வாசலில் என் வயதுக்காரர் ஒருவர். அரிசி மில்லில் மூட்டை தூக்குபவராக இருக்க வேண்டும், தோளெல்லாம் தவிடு. வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு அப்போதுதான் வெளியே வந்த அந்த அம்மா அவரிடமும் அதையேதான் கேட்டார்.

"பெருசா ஒண்ணும் இல்லீங்க. ஏதோ போய்க்கினு இருக்கான்" என்றார் அவர். டெல்லிக்கு அனுப்புவீர்களா என்றதற்கு, "கடவுள் விட்ட வழிங்க" என்றார். இளைஞர் தட்டிக்கொண்டார்.

நான் குறுக்கே போய் நின்றேன்.

"அம்மா, நான் தப்பா சொல்லிட்டேன். என் பொண்ணுதான் காலேஜ்ல முதல். மூணு வருஷமும் முதல். அது மாதிரி படிக்கிற பிள்ளை எங்க ஏரியாவுலயே இல்ல. டெல்லிக்கு நானே கூட்டினு போய் விடறேன். எங்க வேணா கையெழுத்துப் போடறேன்."

என் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை. இளைஞர் பழையதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். "மாத்திட்டோம் சார். ஆனா உறுதியா எதுவும் சொல்ல முடியாது" என்றார் அந்த அம்மா.

அந்த வீட்டுக்காரர் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார்.

"உக்காருங்க, இப்டி வேர்த்துருக்குது" என்றவர், என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "நம்ம பையனும் காலேஜ்ல ஃபர்ஸ்ட்டுதான். நம்மளே சொல்லிக்கினா நல்லாவா இருக்கும்?"

அந்த அம்மா இன்னும் காரில் ஏறவில்லை. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். போய்ச் சொல்லுங்க என்று நான் இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

நான் சொம்பை வாங்கித் தண்ணீரைக் குடித்தேன். கார் சந்து முனையைத் தாண்டும்வரை குடித்துக்கொண்டே இருந்தேன்.