வேலமரத்துப்புதூர் நோம்பிக்கு அக்காவோடு

காலை பத்து மணிக்குக் காந்திபுரத்தில் அன்னூர் பஸ் கிளம்பியது. சித்திரை மாதத்துப் புதன்கிழமை. ஜன்னலோரம் துளசிமணி அக்கா, பக்கத்தில் நான். "பாத்துப்போட்டு ராத்திரி ஏழு மணி வண்டிக்குத் திரும்பீரோணும் கண்ணு. நான் தட்டம் எடுக்க வரலை, வேடிக்கை பாக்கத்தான் வாரேன்" என்று ஏறும்போதே கறாராகச் சொன்னாள். கணபதி தாண்டும்போது மறுபடி சொன்னாள். சரவணம்பட்டியில் கம்பெனிக்குப் போகிற பிள்ளைகள் கழுத்தில் அடையாள அட்டையோடு இறங்கியபோதும் சொன்னாள். அக்கா ஒன்றைத் திரும்பத் திரும்பக் கறாராகச் சொன்னால், உள்ளுக்குள் அது ஆட்டம் கண்டுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஐம்பத்து நான்கு வருடமாக அவளுக்குத் தம்பியாக இருக்கிறேன், இதுகூடவா தெரியாது!

நாங்கள் போன ஊர் வேலமரத்துப்புதூர். அன்னூரிலிருந்து உள்ளே ஏழு கிலோமீட்டர். அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர். அங்கே மாரியம்மன் நோம்பி பேர் போனது. நோம்பி என்றால் எங்கள் பக்கத்தில் திருவிழா. புதன்கிழமை சாயங்காலம் பெண்கள் பச்சரிசி மாவில் வெல்லம் போட்டுப் பிசைந்து, உருட்டி, நடுவில் குழித்து, நெய் ஊற்றித் திரி ஏற்றித் தட்டில் வைத்து ஊர்வலமாகக் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். அதுதான் மாவிளக்கு, தட்டம் எடுப்பது என்பதும் இதைத்தான். இத்தனை காலமாகச் சுமங்கலிகளும் கன்னிப்பெண்களும் மட்டும் எடுத்தார்கள். ஒன்பது வருடத்துக்கு முன் மச்சான் மாரடைப்பில் போனதும் அக்கா மகனோடு கோவைக்கு வந்துவிட்டாள். அதற்கப்புறம் நோம்பிக்குப் போகவில்லை. வராதே என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வந்தால் எங்கே ஒதுங்கி நிற்கவேண்டும் என்பது அவளுக்குச் சொல்லாமலே தெரியும்.

இந்த வருடம் நோம்பிக் கமிட்டியில் நாலு பெண்களைச் சேர்த்திருக்கிறார்கள். ஊர் வாட்ஸப் குழுவில் அறிவிப்பு வந்தது: கணவரை இழந்த சகோதரிகளும் மாவிளக்கு எடுக்கலாம். அக்கா ஒரு வாரமாக அதைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருக்கிறாள் என்று அவள் மகன் எனக்குப் போன் செய்தான். "நீங்க கூடப் போனா அம்மா போவாங்க மாமா" என்றான்.

எனக்கு அந்த நோம்பியின் மேல் பிரியம் விட்டுப்போய் நாலைந்து வருடம் ஆகிறது. உள்ளூர் தப்பட்டைக்குப் பதில் கேரளாவிலிருந்து செண்டை மேளம், அம்மன் தலைக்கு மேல் பறக்கும் கேமரா, கோயில் கோபுரத்தையே மறைக்கும் விளக்கு வளைவு, இந்த வருடம் பெண்களுக்கெல்லாம் யூனிஃபார்ம் மாதிரி ஒரே மஞ்சள் சேலை. பள்ளிக்கூட ஆண்டு விழாவா நடத்துகிறார்கள்? பஸ்ஸில் இதையெல்லாம் வரிசையாகச் சொல்லி முடித்தேன். மாறிப்போய்விட்டது என்று போகப் பிடிக்காதவன் நான். மாறியிருக்கிறதே, போகலாமா என்று யோசிக்கிறவள் அக்கா. இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தோம்.

கண்டக்டர் வந்தார். "அம்மாவுக்குச் சும்மாங்க. உங்களுக்கு இருபத்திரண்டு ரூபாய்ங்கண்ணா" என்று இரண்டு டிக்கெட்டையும் கிழித்துக் கொடுத்தார். "பொறந்தாப் பொம்பளையாப் பொறக்கோணும் போல இருக்குதுங்க" என்றேன். அக்கா வெளியே பார்த்துக்கொண்டே, "ஒரு நாளைக்கு இருந்து பாரு, தெரியும்" என்றாள்.

கோவில்பாளையம் தாண்டியதும் சாலையோரக் குளத்தில் தண்ணீர் கிடந்தது. இத்தனை காலம் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்த இடம். அதைப் பார்த்தபடிதான் அக்கா வாயைத் திறந்தாள். "தட்டம் எடுக்கறது பெருசில்லை கண்ணு. கமிட்டி சொல்லிப்போட்டா எடுத்துறலாம். பூசை முடிஞ்சு மாவு மாத்திக்குவாங்கல்ல, அப்ப என்ற தட்டத்துல யாரும் கை வெக்கலீன்னா? மாவை அப்படியே திருப்பி எடுத்துட்டு வரோணுமே, அத நெனைச்சாத்தான்..."

விளக்கு குளிர்ந்ததும் அம்மன் முன்னாலேயே ஒவ்வொருத்தியும் தன் மாவில் ஒரு கிள்ளு எடுத்து அடுத்தவள் தட்டில் வைப்பாள், அவள் தட்டிலிருந்து ஒரு கிள்ளு வாயில் போட்டுக்கொள்வாள். அந்த ஊர் வழக்கம் அது. கமிட்டி தீர்மானம் போட்டு ஊர்வலத்தில் நடக்க விடலாம். ஒருத்தி கையைப் பிடித்து இன்னொருத்தி தட்டில் வைக்க எந்தக் கமிட்டியாலும் முடியாது. நான் செண்டை மேளத்தைப் பற்றிப் புலம்பிக்கொண்டு வந்தது எனக்கே வெட்கமாக இருந்தது.

பதினொன்றரை மணிக்கு அன்னூர். பஸ் நிலையத்தில் டீ பதினைந்து ரூபாய். குடித்து முடித்ததும் அக்கா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "கோயமுத்தூர் வண்டி நிக்குது பாரு, கூட்டமே இல்லை" என்றாள். ஆட்டோக்காரர் ஒருவர் புதூருக்கு நூற்றைம்பது ரூபாய் கேட்டார். அக்கா எழவில்லை. அவர் சற்று நேரம் பார்த்தார். "ஏனுங்கம்மா, நோம்பிக்குத்தானுங்களே? போறீங்களா, இல்லீங்களா? இல்லீன்னா நான் அடுத்த சவாரி பாக்கறேனுங்க."

"சித்த இருங்க" என்று எழுந்தவள் ஆட்டோவில் ஏறவில்லை. எதிரே இருந்த மளிகைக் கடைக்குப் போனாள். திரும்பி வரும்போது கையில் அரைக் கிலோ அச்சு வெல்லமும் ஏலக்காய்ப் பொட்டலமும். வேடிக்கை பார்க்கப் போகிறவளுக்கு வெல்லம் எதற்கு என்று நாக்கு நுனி வரை வந்தது. நல்லவேளை, விழுங்கிவிட்டேன்.

ஊருக்குள் நுழையும்போதே செண்டைச் சத்தம் காதை அடைத்தது. கோயில் முன்னால் கம்பம் நட்டிருந்தார்கள். மூன்று கிளையாகப் பிரிகிற மரத்தை வெட்டி வந்து, பட்டை உரித்து, மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டி அம்மனுக்கு எதிரே நட்டு வைப்பதுதான் கம்பம். சுற்றிலும் இளவட்டங்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். சட்டை மட்டும் மாறியிருந்தது, ஆட்டம் அதேதான். சொன்னால் கௌரவக் குறைச்சல் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன்.

மச்சானின் தம்பி வீட்டில்தான் இறங்கினோம். தம்பி மனைவி சாந்தாமணி, அக்காவின் ஓரகத்தி, வாசலுக்கே ஓடிவந்தாள். "ஒம்பது வருசமாச்சுங்கக்கா!" என்று அக்காவின் கையைப் பிடித்தவள் சாப்பாடு முடிகிறவரை விடவில்லை. அரிசியைக் காலையிலேயே ஊறப்போட்டு வடித்து வைத்திருந்தாள், தனக்கும் அக்காவுக்குமாக. மிக்சியில் அரைத்து, சலித்து, வெல்லத்தைப் பொடித்துப் போட்டு இருவரும் பிசைந்தார்கள். நான் ஒரு உருண்டைக்குக் கை நீட்டினேன். "சாமிக்கு முன்னால உங்களுக்குங்களாண்ணா?" என்று சாந்தாமணி கையில் தட்டினாள்.

மூன்று மணிக்கு அவள் அறையிலிருந்து மஞ்சள் சேலை ஒன்றை எடுத்து வந்தாள். "எல்லாருக்கும் இதே சீலைதானுங்கக்கா. கமிட்டியில நாங்க நாலு பொம்பளைகளும் பேசித்தான் வாங்குனோம். ஒரே சீலைன்னா யாரு எப்படின்னு யாருக்கும் கண்ணுல படாதில்லீங்களா?"

பஸ்ஸில் நான் கிண்டலடித்த சேலை. இப்படி ஒரு யோசனை அதற்குப் பின்னால் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அக்கா அதை வாங்கி மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் தடவிக்கொடுத்தாள். "நல்லாருக்குது சாந்தா. தீவாளிக்குக் கட்டிக்கறேன். இன்னிக்கு நான் கட்டிட்டு வந்த சீலையோடவே வாரேன். இதுக்குள்ள ஒளிஞ்சுட்டுப் போனா, மாவு எடுக்கறவங்க என்னையப் பாத்து எடுத்தாங்களா, சீலையப் பாத்து எடுத்தாங்களான்னு எனக்குத் தெரியாமப் போயிருமே."

சாந்தாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரி எடுத்துவரப் போனாள்.

ஐந்து மணிக்கு ஊர்வலம். தெரு முழுக்க மஞ்சள், நடுவே அக்காவின் சாம்பல் நிறப் பருத்திச் சேலை. நான் ஆண்களோடு ஓரத்தில் நடந்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஆறேழு பெண்கள் தட்டம் இல்லாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறிவிப்பு அவர்களுக்கும் சேர்த்துத்தான் வந்தது. அவர்கள் இன்னும் நம்பவில்லை. அக்கா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள், நடை நிற்கவில்லை.

பூசை முடிந்தது. பூசாரி எல்லாத் தட்டுக்கும் ஒரே மாதிரி திருநீறு வைத்துக்கொண்டே போனார். அப்புறம் மாவு மாற்றுகிற நேரம் வந்தது. நான் ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்தேன்.

அக்காவுக்கு இடது பக்கம் இருந்த அம்மாள் முதுகைக் காட்டித் திரும்பி அந்தப் பக்கத்துத் தட்டில் கிள்ளினாள். தெரிந்தே திரும்பினாள். எதிரே இருந்த இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்கள். அக்கா தட்டத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி குனியாமல் நின்றாள். சாந்தாமணி கூட்டத்தில் இடித்துக்கொண்டு வந்து சேர்வதற்குள், பின்னாலிருந்து வளையல் கை ஒன்று நீண்டது. கல்யாணமாகி முதல் நோம்பிக்கு வந்திருந்த புதுப்பெண். தை மாதம்தான் தாலி ஏறியதாம். "பெரியம்மா, உங்களதுல ஏலக்கா வாசம் தூக்குதுங்க. எனக்குக் கொஞ்சம்." எடுத்தாள், வாயில் போட்டாள், தன் தட்டிலிருந்து ஒரு பெரிய உருண்டையைப் பிய்த்து அக்காவின் தட்டில் வைத்தாள். அவளுடைய மாமியார் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் பெருமூச்சு விட்டு, "எனக்கும் குடு துளசி" என்று கை நீட்டினார். அதற்கப்புறம் சும்மா நின்ற இருவரும் வந்தார்கள். முதுகு காட்டியவள் கடைசிவரை திரும்பவில்லை. நான் அழுதேன். செண்டைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டார், பார்க்கட்டும்.

மிச்ச மாவோடு அக்கா நேரே தண்ணீர்த் தொட்டிக்குப் போனாள். அங்கே நின்றவர்களிடம் தட்டத்தை நீட்டினாள். என்ன பேசினாள் என்று எனக்குக் கேட்கவில்லை. ஒவ்வொருத்தியாக எடுத்துக்கொண்டது மட்டும் தெரிந்தது.

மணி ஆறரை. ஏழு மணி பஸ்ஸுக்கு மெயின் ரோட்டுக்குப் போகவேண்டும். சாந்தாமணியின் மகன் பைக்கை எடுத்துக்கொண்டு வந்தான். அக்காவின் பையைத் தேடினால் காணோம். அவளே அதை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டிருந்தாள்.

"நீ கெளம்பு கண்ணு. நான் இருந்துபோட்டு வாரேன்."

"வேடிக்கை பாத்தாச்சு, மாவும் மாத்தியாச்சு. நாளைக்கு என்னக்கா இருக்குது? மஞ்சத் தண்ணி ஊத்தறதுக்கா?"

"காத்தால கம்பத்தப் புடுங்கிக் கெணத்துல உட்டுருவாங்க" என்றாள். கம்பம்தான் அம்மனுக்கு வீட்டுக்காரர் என்பது அந்த ஊர் நம்பிக்கை. வருடம் தவறாமல் அவரைக் கொண்டுவந்து நடுகிறார்கள், வருடம் தவறாமல் பிடுங்கிப் போகிறார்கள். அக்கா கோயில் பக்கம் பார்த்தாள். "அப்புறம் அவளுக்கு வெள்ளைச் சீலையக் கட்டியுட்டுப்போட்டு, அல்லாரும் கெணத்துக்குப் போயிருவாங்க கண்ணு. அவ ஒத்தையில நிப்பா. இத்தன வருசமும் அப்படித்தான நின்னா. நாளைக்கு நாங் கூட இருக்கறேன்."