இரண்டு செமினாரும் ஒரு தகடும்

சங்கவி, ஆதவன் — இந்த வாரம் அப்பா எழுதுவது உங்கள் சின்னம்மாவைப் பற்றி. முன்னமே போய்ச் சொல்லிவிட வேண்டாம். பத்திரிகை வந்த பிறகு நானே திட்டு வாங்கிக்கொள்கிறேன். மற்றப் பிள்ளைகளும் வழக்கம்போலப் பக்கத்தில் வந்து இருங்கள்.

சின்னம்மா என்றால் என் மனைவியின் தங்கை, நிரோஜினி. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறார். எதைப் பற்றி? துருவைப் பற்றி. சிரிக்க வேண்டாம். கடலும் கப்பலும் உள்ள ஊரில் துரு சின்ன விஷயமா?

உள்ளங்கை அளவு இரும்புத் தகடுகளைக் கயிற்றில் கட்டி, படகுகள் வந்து கட்டுகிற ஜெட்டியில் இருந்து தண்ணீருக்குள் தொங்கவிட்டிருக்கிறார். மாதக் கணக்காக. இடைக்கிடை போய்த் தூக்கிப் பார்ப்பார். பக்கத்தில் தூண்டில் போடுகிறவர்கள், “என்ன தங்கச்சி, ஏதும் கொத்துதா?” என்று கேட்டுவிட்டுப் போவார்களாம்.

போன கிழமை குசினிக்குள் அக்காவும் தங்கையும் வெங்காயம் உரித்துக்கொண்டு கதைத்தது என் காதில் விழுந்தது. வியாழக்கிழமை சின்னம்மாவுக்கு செமினார். இதுவரை செய்ததை எல்லோருக்கும் முன்னால் நின்று சொல்ல வேண்டும். வெளியில் இருந்து ஒரு பரீட்சகர் வருகிறார். அவருக்குத் திருப்தி என்றால் ஆராய்ச்சி கலாநிதிப் பட்டம் வரைக்கும் போகும். இல்லை என்றால்… அந்த அளவோடு நிற்கும்.

அதில் ஒரு சிக்கல். ஒரே ஜெட்டி, ஒரே ஆழம், அடுத்தடுத்துத் தொங்கிய இரண்டு தகடுகள். ஒன்று சின்னம்மா போட்ட கணக்கின்படி துருப்பிடித்தது. மற்றதில் அதில் பாதிகூட இல்லை. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. கணக்கே பிழையோ என்று பரீட்சகர் கேட்டால் என்ன சொல்வது?

நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டே ஆலோசனை சொன்னேன். “அப்ப அந்த ஒண்டை விட்டிடன். தெரிஞ்சதை மட்டும் சொல்லு.”

“ஏலாது அத்தான். அது தண்ணிக்குள்ள கிடந்தது. கிடக்கேல்லை எண்டு எப்பிடிச் சொல்லுறது?”

சரி, பெரியவர்கள் விஷயம் என்று விட்டுவிட்டேன். எத்தனை பேர் வருவார்கள் என்று மட்டும் கேட்டேன். பத்துப் பேர் வந்தாலே பெரிசு என்றார்.

எனக்கு மனம் கேட்கவில்லை. பத்துப் பேரா? செமினாருக்கா?

எங்கள் ஊரில் செமினார் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சோதனை நெருங்கினால் சந்திக்குச் சந்தி பெனர் தொங்கும். அதில் ரியூஷன் சேர் ஒருவர் கைகட்டிக்கொண்டு நிற்பார். மண்டபம் நிறைந்து, வாசலில் எல்லாம் பிள்ளைகள் நிற்பார்கள். மைக் செட் அலறும். வரக்கூடிய கேள்விகளையும் அவற்றுக்கு விடைகளையும் அச்சடித்து ‘டியூட்’ என்று கையில் தருவார்கள். அதுதானே செமினார்? நிரோஜினி மட்டும் வெறும் கதிரைகளுக்கா படிப்பிப்பது?

நான் ஓட்டுவதோ பள்ளிக்கூட வான். பின்னேரம் உயர்தர வகுப்புப் பிள்ளைகளை ரியூஷனுக்குக் கொண்டுபோய் விடுகிறவனும் நான்தான். விஞ்ஞானப் பிரிவுப் பிள்ளைகளிடம் விஷயத்தைச் சொன்னேன். பல்கலைக்கழகத்திலேயே செமினார், காசு இல்லை, எனக்குத் தெரிந்த மிஸ்தான் செய்கிறார் என்று. வேறென்ன வேண்டும்? வீட்டில் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு, வியாழக்கிழமை வான் நிறைய வந்து ஏறிவிட்டார்கள்.

போய்ப் பார்த்தால் மண்டபம் எங்கே? மாடியில் ஒரு சின்ன அறை. மைக் இல்லை, பெனர் இல்லை. ஒரு பேராசிரியை, தலை நரைத்த அந்தப் பரீட்சகர், ஆராய்ச்சி மாணவர்கள் கொஞ்சப் பேர். நாங்கள் கொப்பியும் பேனையுமாக உள்ளே நுழைந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பேராசிரியை, நீங்கள் எங்கே இருந்து என்று மரியாதையாகக் கேட்டார். செமினாருக்கு வந்தனாங்கள் என்றேன். அவருக்கு என்ன விளங்கியதோ, பக்கத்து அறையில் இருந்து கதிரைகள் எடுக்கச் சொன்னார்.

சின்னம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது.

இங்கிலீஷில் தொடங்கினார். முதலில் தாளைப் பார்த்தே வாசித்தார், பிறகு நிமிர்ந்து பேசினார். எனக்குப் பாதி விளங்கியது. படங்கள் முழுக்க விளங்கின. எங்கள் பிள்ளைகள் ஒரு சொல் விடாமல் எழுதினார்கள். கடைசியில் அந்த இரண்டு தகடுகளும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. நான் விடச் சொன்னதைச் சின்னம்மா விடவில்லை.

பரீட்சகர் கையை உயர்த்தினார். கேட்டது ஒரே கேள்வி. ஏன் இப்படி?

சின்னம்மா திரையைப் பார்த்தார். நிலத்தைப் பார்த்தார். பிறகு அவரை நேரே பார்த்து, “ஐ டோன்ட் நோ” என்றார்.

அது எனக்கு நன்றாகவே விளங்கியது. எங்கள் பிள்ளைகளின் பேனைகள் நின்றுவிட்டன. ஊர் செமினாரில் ஒரு சேர் அப்படிச் சொன்னால் அடுத்த கிழமை மண்டபம் காலி. முடிந்தது, இத்தனை மாதத்து உழைப்பும் போச்சு என்று நான் குனிந்துகொண்டேன்.

அப்போது பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. கிண்ணியாவில் இருந்து என் வானில் வருகிற பிள்ளை, சிஃபானா. பேராசிரியை தலையசைத்தார்.

“மிஸ், அந்தத் தகடு இப்ப எங்க இருக்கு?”

சின்னம்மா பையைத் திறந்து ஒரு சாப்பாட்டுப் பெட்டியை எடுத்தார். அதற்குள் துணியில் சுற்றி வைத்திருந்தார், அந்தத் தகட்டை.

பிறகு நடந்ததுதான் எனக்குப் புதுசு. பரீட்சகர் எழுந்து வந்து தகட்டை வாங்கி, யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். பேராசிரியையும் பின்னால் போனார். கதிரைகள் இழுபட்டன. கொஞ்ச நேரத்தில் எங்கள் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்துக்குள். இரும்பே வேறு இரும்போ? பாசி படிந்து காப்பாற்றியதோ? ஜெட்டியின் நிழல் விழுந்ததோ? அப்படியென்றால் மற்றத் தகட்டில் ஏன் விழவில்லை? ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுக்க, யாரும் கோபிக்கவில்லை. சின்னம்மா பரீட்சகரிடம் இங்கிலீஷிலும், பிள்ளைகளிடம் தமிழிலும், பக்கத்தில் நின்ற மாணவனிடம் சிங்களத்திலும் கதைத்துக்கொண்டிருந்தார். பயம் எந்தப் பக்கத்தால் போனதோ தெரியாது.

கடைசியில் பரீட்சகர் தகட்டைத் திருப்பிக் கொடுத்து ஏதோ சொன்னார். சின்னம்மா கண்ணைத் துடைத்தார். நல்லதா கெட்டதா என்று தெரியாமல் நான் வாசலில் நின்று தவித்தேன்.

வெளியே வந்ததும் சொன்னார். “மேல போகலாமாம் அத்தான். சரியா வந்த தகடுகள் போதும், இனி இந்தத் தகட்டைப் பாருங்கோ எண்டிட்டார்.” கொஞ்சம் பொறுத்து, “நீங்கள் விடச் சொன்ன தகடு” என்றும் சேர்த்துக்கொண்டார்.

நான் சட்டைப் பைக்குள் வான் திறப்பைத் தேடுவது போலப் பாவனை செய்தேன்.

“இன்னொருக்கா வான் நிறைய ஆக்களை ஏத்திக்கொண்டு வந்தீங்களோ, அக்காட்டச் சொல்லித்தான் வேலை.” சொல்லும்போது சிரிப்பு.

திரும்பி வரும்போது சின்னம்மா முன்சீட்டில். பின்னால் இருந்து சிஃபானா கேட்டாள், டியூட் ஒன்றும் தரமாட்டீர்களா என்று. விடை இன்னும் இல்லை, வந்ததும் தருகிறேன் என்றார் சின்னம்மா. எப்போது வரும்? இரண்டு மூன்று வருஷம் செல்லுமாம். வான் முழுக்கச் சிரிப்பு. அதற்குள் சோதனை முடிந்துவிடும் என்று யாரோ முணுமுணுக்க, இன்னும் பலமாக.

ஊர் செமினாரையும் நான் குறை சொல்லவில்லை, பிள்ளைகளே. சோதனை பாஸ் பண்ண அதுவும் வேண்டும். ஆனால் அங்கே விடை தெரிந்தவர் ஒருவர், கேட்பவர்கள் ஆயிரம் பேர். இந்தச் சின்ன அறையில் விடை யாருக்குமே தெரியாது — அதனால்தான் எல்லோரும் எழும்பி யன்னலடிக்கு வந்தார்கள். படித்தவர்கள் தெரியாது என்று சொன்னால் வெட்கப்படுவார்கள் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அவர்கள் அதைச் சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார்கள்.

எல்லோரையும் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தபோது நீங்கள் இருவரும் ரியூஷனில். அம்மா கோயிலில். மழைக்கு முன் வானின் துருவுக்கு மேல் பெயின்ட் அடிப்பது என் வழக்கம். அன்றைக்கு அடிக்கத்தான் தூரிகையை எடுத்தேன். எடுத்த கையோடு குனிந்து பார்த்தேன். இடப்பக்கப் படிக்குக் கீழே ஒரே துரு. வலப்பக்கம் அவ்வளவு இல்லை. ஒரே வான், ஒரே றோட்டு, ஒரே கடற்காற்று. பிள்ளைகள் மிதித்து ஏறுவதாலா? அப்படியென்றால் மிதிபடாத மூலையிலும் ஏன் துரு?

“எனக்குத் தெரியாது” என்று சத்தமாகவே சொன்னேன். கேட்க ஒருவரும் இல்லை.

பெயின்ட் டின்னை மூடினேன். டோர்ச்சை எடுத்துக்கொண்டு வானுக்கு அடியில் போய்ப் படுத்தேன்.