மாப்பிள்ளை வந்தால் எழுந்து நிற்பவர்

என் மாமியார் என் முன்னால் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கல்யாணமான நாளிலிருந்து முப்பது வருடங்களாக இதுதான் வழக்கம். நான் அறைக்குள் காலெடுத்து வைத்தால் எழுந்துவிடுவார், முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொள்வார். என்னிடம் நேராகப் பேசவும் மாட்டார். மகள் பக்கத்தில் இருந்தால் மகளிடம் சொல்வார், இல்லையென்றால் சுவரில் தொங்கும் காலண்டரிடம் சொல்வார். "யாராச்சும் ஃபேனைக் கொஞ்சம் கம்மி பண்ணா தேவலை" என்பார். நான் போய்க் குறைப்பேன். செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவர், காய்காரியிடம் தெலுங்கிலும் ஆட்டோக்காரரிடம் உருதுவிலும் சண்டை போடக்கூடியவர். மாப்பிள்ளை விஷயத்தில் மட்டும், அவருடைய தாத்தா பிழைப்புக்காக வேலூரில் ரயிலேறிய காலத்தைவிட்டு ஓர் அங்குலம் நகரவில்லை.

எண்பத்திரண்டு வயதில் அவருக்குச் சிறுநீர் அடங்காமல் போயிற்று. அதற்குமேல் தனியாக விட முடியாது என்று போவன்பள்ளியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். என் மனைவிக்குத் தார்நாகா ஆய்வகத்தில் இன்னும் இரண்டு வருடம் வேலை பாக்கி. நான் பாலாநகர் தொழிற்சாலை ஒன்றின் தரச்சோதனைப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றுச் சும்மா இருந்தேன். பகலுக்கு வைத்த ஆயா பத்தாவது நாள் சொல்லாமல் நின்றுவிட்டாள். ஆக, வாரத்தில் ஐந்து நாள், காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறுவரை வீட்டில் நானும் மாமியாரும்தான்.

டாக்டர் சொன்னது எளிமையானது. தண்ணீர் குடிப்பதைக் குறைக்க வேண்டாம். முட்டும்வரை காத்திருக்காமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, வந்தாலும் வராவிட்டாலும், கழிவறைக்கு அனுப்ப வேண்டும். எனக்கு இது பழகிய வேலை. ஒரு நோட்டில் கட்டம் போட்டேன். நேரம், காய்ந்தது, ஈரம். பதினொன்று, ஒன்று, மூன்று, ஐந்து என்று மணியடித்தாற்போல் அவர் அறைக்குப் போய், "அத்தே, பாத்ரூம் போகலாமா?" என்று கேட்பேன்.

டயப்பரை இரண்டு நாள் கட்டினார். தொடையில் அரித்தது என்று கழற்றி மெத்தைக்கு அடியில் செருகிவிட்டார். நைட்டி சுலபமாக இருக்கும் என்று மனைவி வாங்கி வந்தாள். மாப்பிள்ளை இருக்கும் வீட்டில் நைட்டியா என்று அதைத் தொடவே இல்லை. நனைந்த புடவைகளை பீரோவுக்குப் பின்னால் சுருட்டி வைப்பார். நான் மோப்பம் பிடித்து எடுத்து, டெட்டால் தண்ணீரில் அலசி மெஷினில் போடுவேன். நாற்றம் மூன்றாம் நாளே பழகிவிட்டது. நான் வாளியோடு கடக்கும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான் பழகவில்லை.

இரண்டு மாதத்தில் நோட்டு முழுக்க ஈரம். ஒருநாள் அவர் மகளிடம், நான் கேட்கும்படியாகவே, சொன்னார்: "மேட்சல் ரோட்ல ஒரு ஹோம் இருக்குதாமே. ஒண்ணாந்தேதி என்னை அங்க கொண்டுபோய் விட்டுடு. மாப்பிள்ளை என் துணிய அலசறதைப் பாத்துக்கினு இருக்கறதுக்கு அது மேல்." மனைவி அழுதாள். வேலையை விட்டுவிடுகிறேன் என்றாள். அதை அவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். விசாரித்ததில் அந்த முதியோர் ஹோமில் இடம் இருந்தது. பொய் சொல்வானேன், எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது.

ஹோமில் காட்டலாம் என்று நோட்டைப் புரட்டிச் சுருக்கம் எழுத உட்கார்ந்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். மனைவி பார்த்துக்கொள்ளும் சனி, ஞாயிறுகளில் பெரும்பாலும் காய்ந்தது. என் ஐந்து நாட்களில், அதுவும் நான் போய்க் கேட்கும் அதே நேரங்களில், ஈரம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மகள் இருந்தால் அடங்குவது மருமகன் இருந்தால் அடங்காதோ? அந்தக் கோபத்தோடேயே மறுநாள் பதினோரு மணிக்கு அறைக்குள் போனேன்.

என்னைப் பார்த்ததும் அவர் நாற்காலியின் கைகளில் உள்ளங்கையை ஊன்றி ஒரே உந்தில் எழுந்து நின்றார். நின்ற அந்த நொடியில் புடவைக் கொசுவத்தின் கீழே தரை நனைந்தது. அவர் காலண்டரைப் பார்த்தார். நானும் காலண்டரைப் பார்த்தேன்.

தொழிற்சாலையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம் ஒன்று உண்டு. அளவு தப்பாக வந்தால் பொருளைக் குறை சொல்லாதே, முதலில் அளக்கும் கருவியைப் பார். வீட்டில் அது எனக்குத் தோன்றவே இல்லை. டாக்டரிடம் போன் செய்து கேட்டேன். திடீரென்று எழும்போது அடிவயிறு அழுத்தப்பட்டுச் சிறுநீர் பிதுங்கி வந்துவிடும் என்றார். அவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திடீரென்று எழுப்பியவன் நான்தான். வேலியே பயிரை மேய்ந்த கதை. அன்று எனக்கு வெட்கமாக இருந்தது, பெரிய வெட்கம்.

மனைவி அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தாள். "மாப்பிள்ளை வந்தா எப்பிடி உக்காந்துகினு இருக்கறது? மரியாதை கெட்டவளா நானு?" என்று கேட்டார். அடுத்து, உள்ளே போகாமல் திரைக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டேன். என் குரலுக்கும் எழுந்து நின்றார்.

கடைசியில் ஒரு காலிங் பெல் வாங்கினேன். மணியை அவர் அறையிலும் சுவிட்சை ஹாலில் என் பக்கத்திலும் வைத்தேன். பெல் அடித்தால் நாற்காலி விளிம்புக்கு நகர வேண்டும், டாக்டர் காட்டியபடி அடக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும், பிறகு வாக்கரைப் பிடித்து மெதுவாக எழ வேண்டும். மனைவி நாலு நாள் பழக்கிவிட்டாள். பெல்லுக்கு மரியாதை காட்ட வேண்டியதில்லை அல்லவா, அவர் நிதானமாகவே எழுந்தார். இரண்டு வாரத்தில் கட்டங்கள் காயத் தொடங்கின.

ஆனால் ஹோம் பேச்சை அவர் விடவில்லை. "எப்பவாச்சும் ஒரு தடவை ஆனாலும் மாப்பிள்ளைதானே அலசணும்? போயிடறேன்" என்றார். மனைவி அவருடைய புடவைகளை ஒரு பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள். ஒன்றாம் தேதிக்கு நான்கு நாள் இருந்தது.

அன்று மதியம் சாப்பிட்டுவிட்டுப் பேப்பர் பார்த்தவன் அப்படியே தூங்கிவிட்டேன். மூன்று மணி பெல்லை அடிக்கவில்லை.

"மாப்ளே!"

அந்தக் குரலில் அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. எழுந்து ஓடினேன். அவர் நாற்காலியில் இருந்தார். மடியெல்லாம் ஈரம். கைகள் நாற்காலியின் கைகளில்தான் இருந்தன, ஆனால் ஊன்றவில்லை. காலண்டரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"எழுந்தா இன்னும் ஆயிடும். அதான் உக்காந்தே இருக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"நக்கோ அத்தே, வேணாம், எழுந்துக்காதீங்க" என்றேன். துண்டை மடியில் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்துக் கையை நீட்டினேன், அவர் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். அவர் கை அவ்வளவு சிறியது என்று எனக்கு அதுவரை தெரியாது. கழிவறைக் கதவுவரை கூட்டிப்போய் விட்டேன். மாற்றுத்துணிக்குப் பெட்டியைத் திறக்கப் போனேன். "அந்த நைட்டியக் குடுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

நைட்டியில் வெளியே வந்து, நான் நின்றுகொண்டிருக்கும்போதே கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஹோம்காரங்களுக்குப் போன் போட்டு வரலன்னு சொல்லிடுங்க" என்றார். "நீங்களே சொல்லிடுங்க."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. போன் செய்து சொன்னேன். புடவையை வாளியில் ஊறப்போட்டேன். பிறகு நோட்டை எடுத்து, மூன்று மணிக் கட்டத்தில் 'ஈரம்' என்று எழுதினேன்.